கணையத்தில் ஒரு வெளிச்சம்

மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால், செம்புக் கம்பி அடுக்கியிருந்த கம்பி அறையிலிருந்து கணவன் சிரிக்கும் சத்தம் கேட்டபோது, சண்முகவள்ளி அவனுடைய செல்போனைத்தான் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த வார்னிஷ் பிசுக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன் இங்கே இருக்கிறது. கடையில் வேறு யாரும் இல்லை. பிறகு அவன் யாரிடம் சிரிக்கிறான்?

மதியத் தொழுகை முடிந்து பேகம்பூர்த் தெரு அடங்கிக் கிடந்தது. தோல் ஆலைப் பக்கமிருந்து வந்த காற்று, பழகிப்போன அந்த நாற்றத்தோடு கடைக்குள் நுழைந்து, கருகிய மோட்டார் காயில்களின் வாசனையோடு கலந்து, வெளியே போக வழி தெரியாமல் நின்றது. மேஜை விசிறியின் கடகடப்புக்கு நடுவில் சிரிப்பு மறுபடியும் வந்தது. பெரிய சிரிப்பில்லை. மூக்கு வழியாகக் கிளம்பி, தொண்டையில் கொஞ்சம் உருண்டு, ஒரு மூச்சில் முடிகிற சிரிப்பு. வள்ளிக்கு அதைத் தெரியும். கல்யாணமான புதிதில், கொடைரோட்டில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில், அவள் ஏதாவது கோணல்மாணலாகச் சொன்னால் காத்தமுத்து அப்படித்தான் சிரிப்பான். அதைக் கேட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"என்னங்க?"

சிரிப்பு நின்றது. ஏதோ துணி சரசரத்தது.

"ஒண்ணுமில்ல வள்ளி. கம்பி எடுக்குறேன்."

கதவைத் திறந்துகொண்டு வந்தவன் கையில் கம்பி எதுவும் இல்லை. சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் மாறிப் போட்டிருந்தன.

வள்ளிக்குப் பொறாமை புதிதல்ல. அவள் அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. நாத்தனார் போனில் அண்ணனோடு நீளமாகப் பேசினால் அடுப்படியில் பாத்திரங்கள் உருளும். தோட்டத்து மோட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டுவரும் பெண்கள் யாராவது பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால், உள்ளேயிருந்து வந்து அவர்களுக்கு எதிரே நின்றுகொள்வாள். "மோட்டாருக்குப் பொம்பளப் பேரு வச்சாக்கூட இவளுக்கு ஆகாது" என்று காத்தமுத்து சிரிப்பான். அவனும் அவளுக்கு எந்தக் காரணமும் கொடுத்ததில்லை. கடையும் வீடும் ஒன்றாக இருந்ததால் பகலும் இரவும் அவள் கண்முன்தான் இருந்தான். பத்தொன்பது வருஷமாக அந்த மனிதனின் ஒவ்வொரு இருமலும் அவளுக்குத் தெரியும்.

அவனுக்கு உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது மட்டும் தெரியாமல் போனது.

சித்திரையில் வயிற்றுவலி தொடங்கியது. வலி முதுகு வரை ஊடுருவுகிறது என்றான். சாப்பாடு குறைந்தது, சட்டை தொளதொளத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் கணையத்தில் ஏதோ சந்தேகம் என்றார்கள். கட்டியாக இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். வயிற்றுக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருப்பதால் சரியாகத் தெரியவில்லை. மதுரை ரோட்டில் புதிதாக ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே வெளிச்சத்தை வைத்தே உள்ளே பார்க்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டர் தேவதர்ஷினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நெய்க்காரப்பட்டிப் பெண். வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசினாள். அந்தப் பேச்சே வள்ளிக்குப் பிடிக்கவில்லை.

"டார்ச் லைட்டை உள்ளங்கையில வச்சு அமுக்குனா, கை சிவப்பாத் தெரியுமில்லீங்க? சிவப்பு வெளிச்சம் சதைக்குள்ள கொஞ்ச தூரம் போகும். சிவப்புக்கும் அந்தாண்ட ஒரு வெளிச்சம் இருக்குதுங்க. அது இன்னும் ஆழமாப் போகும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு மட்டும்தான் தெரியும்" என்று காத்தமுத்துவின் முகத்தைப் பார்த்தே விளக்கினாள். "இப்ப ஊசியில நான் ஏத்தப்போறது நானோ துகள். கண்ணுல படாத அளவுக்குச் சின்னது. ரத்தத்தோட ஒடம்பு பூராச் சுத்திட்டு, கட்டி இருந்தா அங்க போய் ஒட்டிக்கும். வெளியில இருந்து நாங்க லேசர் அடிச்சா, அது உள்ள இருந்து பதிலுக்கு மினுங்கும். அம்புட்டுத்தானுங்க."

ஊசி போட்ட மறுநாள் இருட்டறைக்கு அழைத்துப்போனாள். சுவரெல்லாம் கறுப்பு. கதவு மூடியதும், வெளியே அடித்துக்கொண்டிருந்த வெயில் பொய் என்பதுபோல் ஆகிவிட்டது. குளிர்சாதனத்தின் முனகலும், மருந்து நெடியும், யாருடையது என்று தெரியாத மூச்சும் மட்டும் இருந்தன. வள்ளி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். எங்கோ ஒரு விசை தட்டும் சத்தம். திரையில் சாம்பல் நிறமாக அவள் கணவனின் வயிறு வந்தது. அதன் நடுவில், மிக ஆழத்தில், நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு புள்ளி.

"தெரியுதுங்களா அண்ணே? இதுதான்."

காத்தமுத்து தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தான். பயப்படுவான், அழுவான் என்று வள்ளி நினைத்திருந்தாள். அவன் முகம் இளகியது. உதடு லேசாகப் பிரிந்தது. பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டோடு வந்தவளை நிமிர்ந்து பார்த்தானே, அந்த முகம்.

"இம்புட்டு அழகா இருக்கு" என்றான்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றாள். வள்ளி சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த வயிற்றுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று பார்த்துப் பார்த்துப் பொங்கிப் போட்டவள் அவள். நேற்று வந்த ஒருத்தி அவனை இருட்டில் படுக்கவைத்து அதற்குள்ளேயே பார்த்துவிட்டாள். அவன் மனம் அந்தப் பெண்ணிடம் போய்விட்டது என்றுதான் அன்று நினைத்தாள்.

அதனால்தான் இப்போது, கம்பி அறைச் சிரிப்பைக் கேட்டபின், அவன் குளிக்கப் போன நேரத்தில் போனைத் தோண்டித் துருவிப் பார்த்தாள். டாக்டர் எண்ணிலிருந்து ஒரே ஓர் அழைப்பு. அதுவும் அடுத்த ஸ்கேன் தேதி சொல்ல வந்தது, வள்ளியே எடுத்துப் பேசியது.

அதன் பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். காத்தமுத்து சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நிறுத்தி, எதையோ கேட்பவன்போல் தலையைச் சாய்த்தான். காரம் வேண்டாம் என்றான். "யாருக்கு வேண்டாம்?" என்று கேட்டதற்குக் குழம்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். ஆள் மெலிந்துகொண்டே வந்தான், ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி. லாரி ஹாரன் அடித்தால் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினான். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்தான். தூங்குகிற மூச்சில்லை அது. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டால், சொற்கள் பிடிபடாத ஒரு முணுமுணுப்பு, இடைவெளி விட்டு விட்டு வந்தது. எதிரே இருப்பவர் பதில் சொல்வதற்காக நாம் விடுவோமே, அந்த இடைவெளி.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை என்று அறிவித்திருந்த நாள் அது. வள்ளி மார்க்கெட்டுக்குப் போனவள், வெயில் தாங்காமல் பாதியில் திரும்பினாள். கடை ஷட்டர் அரைவாசி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். விசிறி ஓடாத கடையில் அமைதி கெட்டியாக இருந்தது. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் முற்றத்தில் துணி அடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. தொப், தொப். அதுவும் நின்றது.

கம்பி அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. ஜன்னலுக்குச் சாக்குத் திணித்து இருட்டாக்கியிருந்தான்.

இருட்டாக இல்லை.

காத்தமுத்து கம்பி உருளையின் மேல் உட்கார்ந்து, சட்டையை விலக்கிவிட்டு, மடியைப் பார்த்துக் குனிந்திருந்தான். அவன் தாடையும், மூக்குத் துவாரங்களும், புருவத்தின் அடிப்பக்கமும் மங்கிய சிவப்பில் தெரிந்தன. டார்ச்சை மூடிய உள்ளங்கையின் சிவப்பு. அலமாரியில் அடுக்கியிருந்த செம்புக் கம்பிச் சுருள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் அந்தச் சிவப்பு ஒரு மயிரிழையாகப் படிந்து, அணைந்து, படிந்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"வெளிய வெயிலு சாஸ்தி" என்று அவன் கிசுகிசுத்தான். "நீ தூங்கு. நான் இங்கதான இருக்கேன்."

வள்ளியின் கையிலிருந்த பை நழுவியது. கத்தரிக்காய்கள் தரையில் உருண்டன.

வெளிச்சம் பட்டென்று போனது. விளக்கு அணைந்ததுபோல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டதுபோல்.

"யாரோட பேசுனீங்க?"

"யாருமில்ல."

"நான் பார்த்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அவன் நிதானமாகப் பொத்தான் போட்டான். இருட்டில் அவன் விரல்கள் சட்டையில் உரசுவது அவளுக்குக் கேட்டது. பிறகு, கோபமில்லாமல், வருத்தப்பட்டுச் சொல்வதுபோல் சொன்னான்:

"உன் குரல் கேட்டாலே அவ ஒளிஞ்சுக்கிறா வள்ளி."

அவ.

வள்ளிக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் கேட்டது. வெளிச்சம், இருட்டு, நோய் எல்லாம் பின்னால் போய்விட்டன. இத்தனை வருஷம் வாசலையே பார்த்துக்கொண்டு காவல் இருந்தாளே! வந்தவள் வாசல் வழியாக வரவில்லை.

வெளியே வந்து, வெயில் படும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, டாக்டருக்கு போன் போட்டாள்.

"அந்த மருந்து வெளிச்சம் வெளிய தெரியுமா டாக்டரம்மா? வெறும் கண்ணுக்கு?"

"தெரியாதுங்கக்கா. லேசர் அடிச்சாத்தான் மினுங்கும், அதுவும் கேமராவுக்குத்தான் தெரியும். அதுபோக, அந்தத் துகளெல்லாம் இந்நேரம் கல்லீரல் வழியா வெளிய போயிருக்கும். ஏனுங்க, என்ன ஆச்சு?"

"பொம்பளன்னு சொல்றாரு" என்றாள் வள்ளி.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "வலி மாத்திரை சில பேருக்கு அப்படிப் பண்ணுமுங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஆபரேஷனுக்கு முன்னால இன்னொரு தடவை பார்த்துடலாம்."

இரண்டாம் முறை இருட்டறைக்குள் போனபோது வள்ளி சுவரோரம் நிற்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், திரை தெரியும் இடமாக வந்து நின்றாள். கதவு மூடியது. குளிர். முனகல். டாக்டர் கேமராவைப் போட்டாள்.

புள்ளி பெரிதாகியிருந்தது. புள்ளி என்றே சொல்ல முடியாது. ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் ஒடுங்கி, முட்டியை மடக்கிக்கொண்டு படுத்திருப்பவரை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி இருந்தது.

"நல்லா மினுங்குதே" என்றாள் வள்ளி. அவள் வாய் திறந்ததும் அது மங்கியது. ஓரங்கள் உள்ளே சுருங்கின.

"வள்ளி, செத்த நேரம் பேசாம இரு" என்றான் காத்தமுத்து.

அது ஒளிர்ந்தது. பளிச்சென்று.

இருட்டில் டாக்டரின் கை மேஜையைத் தடவும் சத்தம் கேட்டது. வயர்களைத் தொட்டுப் பார்த்தாள். விசையைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். குரல் சிறுபிள்ளையின் குரலாகிவிட்டது. "நான் இன்னும் லேசரே போடலீங்க."

திரையில் அது மெல்ல அசைந்தது. பருத்த பக்கம் திரும்பியது. அவர்கள் இருவரும் நின்ற பக்கமாக.

வெளியே வந்து நடைபாதையில் தேவதர்ஷினி தண்ணீர் குடித்தாள். பாதி தண்ணீர் கழுத்தில் வழிந்தது. "கேமராவுல ஏதோ கோளாறுங்க" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதை வள்ளி நம்புகிறாளா என்று பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாமுங்க. சர்ஜன்கிட்ட நானே பேசிடறேன்."

வள்ளிக்கு முதல்முறையாக அந்தப் பெண்ணைப் பிடித்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழை, பேச்சை விழுங்கும் அளவுக்கு இரைந்தது. காத்தமுத்து கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அவன் அப்பா இறந்தபோதுகூட அழவில்லை.

"அவள என்ன பண்ணுவாங்க வள்ளி?"

"வெட்டி எடுத்து பாட்டில்ல போட்டு வைப்பாங்க" என்றாள். சொல்லும்போது நாக்கில் ஓர் இனிப்பு ஊறியது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "பினாயில் மாதிரி ஏதோ ஊத்தி மூடிப் போட்டுருவாங்க. எத்தனை பேரு அப்படி அலமாரியில இருக்காங்களோ."

மாத்திரையின் அசதியில் அவன் தூங்கிப்போனான். வள்ளி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது, அறைக்குள் இல்லை. அவன் சட்டையை விலக்கினாள். எலும்பும் தோலுமாக ஒட்டிப்போன வயிறு. உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தினாள். ஆழமாக. அவன் முனகும் அளவுக்கு.

உள்ளேயிருந்து அது பதிலுக்கு அழுத்தியது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். பயம் முதுகில் ஈரத்துணியாக ஒட்டிக்கொண்டது. ஆனாலும் எடுக்கவில்லை. தோலுக்கு அடியில் சிவப்பு மெல்லப் பரவி, அவள் விரல்களுக்கு இடையில் கசிந்தது. அவள் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பேசினாள்.

"அப்படி என்னடி காட்டுன அவருக்கு? எங்கிட்ட இல்லாதது என்ன இருக்கு உங்கிட்ட?"

சிவப்பு மங்கவில்லை. இந்த முறை அவள் குரலுக்கு அது ஒளியவில்லை.

கவனித்துக் கேட்டது.

அந்த நேரத்தில் அவள் மனதில் ஒரு நினைப்பு ஓடியது. ஒரு நொடிதான். இது என்னிடம் இருந்திருந்தால், அவர் என்னை அப்படிப் பார்த்திருப்பார்.

உள்ளங்கை சுட்டது. சூடான கஞ்சி தொண்டையில் இறங்குவதுபோல ஒரு வெப்பம் மணிக்கட்டில் ஏறி, முழங்கையைத் தாண்டி, அக்குளில் நின்று, பிறகு தெரியாமல் போனது. கையை உதறிப் பார்த்தாள். ஒரு தழும்பும் இல்லை. அறை இருட்டாக இருந்தது. மழை விட்டிருந்தது. அன்று அவள் அசந்து தூங்கினாள்.

மறுநாள் ஆபரேஷன் நெடுநேரம் நடந்தது. பச்சை உடுப்பில் வெளியே வந்த சர்ஜன் முகத்தில் களைப்பைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. "ஒண்ணுமே இல்லம்மா. கணையம் சுத்தமா இருக்கு. கட்டி இருந்த தடம்கூட இல்ல. என்னத்தப் பார்த்து அனுப்பிச்சாங்கன்னே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் தேவதர்ஷினி நின்றாள். கையடக்கக் கேமரா ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"உள்ளயே காட்டிப் பார்த்தேனுங்க. துளி வெளிச்சம் இல்ல. எங்க போச்சுன்னே தெரியலீங்க அக்கா."

"போனா போகுது" என்று சொல்லி வள்ளி சிரித்தாள். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

வீட்டுக்கு அழைத்து வந்தாள். இனி எல்லாம் அவளுடையது. குழைந்த சோறும் மிளகு ரசமும் கரைத்து ஊட்டினாள், வெந்நீரில் உடம்பு துடைத்தாள், தையல் காய்கிறதா என்று வேளைக்கு ஒருமுறை பார்த்தாள். லூர்தம்மாள் எட்டிப் பார்த்து, "கண்டம் தப்புச்சு வள்ளி, மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்து" என்றாள். வள்ளி தலையாட்டினாள்.

கொடுத்ததைக் காத்தமுத்து விழுங்கினான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மனைவியைப் பறிகொடுத்தவர்களின் முகத்தை வள்ளி சாவு வீடுகளில் பார்த்திருக்கிறாள். தான் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தன் புருஷன் அந்த முகத்தோடு கிடப்பதை எப்படிப் பொறுப்பாள்? போய்த் தொலைந்தவள் மேல் பொறாமை முன்னைவிட அதிகமாக எரிந்தது.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடு முதுகில் ஓயாமல் ஒரு குடைச்சல். ஆஸ்பத்திரியில் பெஞ்சில் கிடந்த அசதி என்று நினைத்துக்கொண்டாள். ரவிக்கை தளர்ந்துகொண்டே வந்தது. ஊக்கு குத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை ஓயாமல் பெய்த ஒரு மாலை. அடுப்பில் வெஞ்சனம் கொதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் அணைந்தது. விசிறி சுற்றி ஓய்ந்தது. மழையின் இரைச்சல் நெருங்கி வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டது. அடுப்பை நிறுத்திவிட்டு, மெழுகுவத்தி எடுக்க அறைக்குள் வந்தாள். பெட்டி மேல் தீப்பெட்டி இருந்தது. பக்கத்தில் மெழுகுவத்தி. பெட்டியின் துரு. சுவரில் ஒரு பல்லி.

எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கட்டிலில் காத்தமுத்து தலையைத் தூக்கினான்.

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, அவளைப் பார்த்தான். மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அவன் முகம் இளகியது. உதடு பிரிந்தது. கண் நிறைந்தது. எந்தப் பார்வைக்காக அவள் இத்தனை நாள் வெந்தாளோ, அந்தப் பார்வை. அவளைத்தான் பார்க்கிறான். இந்த அறையில் வேறு யாரும் இல்லை.

வள்ளி சந்தோஷத்தில் கட்டிலை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"என்னங்க..."

அவன் கட்டிலை விட்டு இறங்கினான். தையலைப் பிடித்துக்கொண்டு தரையில் முட்டி போட்டு நகர்ந்து வந்தான். இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மூக்கு வழியாகக் கிளம்பி, தொண்டையில் உருண்டு வந்தது அந்தச் சிரிப்பு.

"வந்துட்டியா? எங்கடி போயிருந்த இம்புட்டு நாளா?"

"நான் எங்க போனேன், இங்கதான இருக்கேன்" என்று அவன் தலையைக் கோதினாள். கோதிய கை நின்றது. அவன் முடியில் சிவப்பு. அவன் நெற்றியில் சிவப்பு. தன் விரல் நகங்களில் சிவப்பு.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"என்னங்க" என்றாள். "என்னங்க. என்னையப் பாருங்க."

"ஷ்ஷ்." அவன் காதை அவள் சேலை மடிப்பில் அழுத்திக்கொண்டான். "சத்தம் போடாத வள்ளி. அவ பயப்படுறா."

உள்ளே ஏதோ முட்டியை நீட்டி, சுகமாக மடக்கிக்கொண்டது.

கத்த வாயைத் திறந்தாள். அவன் பிடி இறுகியது. எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கச் சிவப்பு. அதில் அவளுடைய விலா எலும்புகளின் நிழல், ஒன்றன்கீழ் ஒன்றாக, கூரை வரை நீண்டு விழுந்திருந்தது. அவன் கிசுகிசுக்கத் தொடங்கினான். அவள் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. நிழல்கள் மட்டும் அசைந்தன, உள்ளே இருந்த வெளிச்சம் அவன் குரல் வந்த பக்கமாக மெல்ல மெல்லத் திரும்ப.